உதரம் புகுந்த தூது: விழுங்கு கருவிகளின் வரலாறு

மனித உடலின் உறுப்புக்கள் யாவும் ஒரே காலத்தில் மருத்துவ அறிஞருக்குத் தம்மை வெளிப்படுத்தினவல்ல. நாடித் துடிப்பை விரலால் உணரலாம். நெஞ்சின் ஒலியைச் செவியாற் கேட்கலாம். கண்ணை நேரே நோக்கலாம். இரைப்பையோ நாள்தோறும் நாம் அறிய உணவை ஏற்று, நாம் அறியா வகையில் அதனை மாற்றிவிடுகின்றது. பிணத்தை அறுத்துப் பார்த்தோர் அதன் வடிவை அறிந்தனர், தொழிலை அறிந்தாரல்லர். உயிரோடிருப்பவன் வயிற்றினுள் நிகழ்வதை அறியக் கண்ணும் கையும் அங்கே செல்லா. எளிதிற் செல்லத்தக்கது விழுங்கப்படும் பொருள் ஒன்றே. ஆகவே அறிஞர் அதனையே தம் தூதாக அனுப்பினர்.

நம் இலக்கியத்திலே தூது என்பது தனியொரு பிரபந்த வகை. அன்னமும் கிளியும் மேகமும் தூது செல்லும். சென்றது மறுமொழியோடு மீளல் வேண்டும் என்பதே அனுப்பியோர் வேட்கை. வயிற்றுக்கு அனுப்பிய தூதும் முதலில் அவ்வாறே சென்று மீண்டது. பின்னர் சென்ற இடத்திருந்தே செய்தி சொல்லக் கற்றது. இக்காலத்திலோ மீளாது அங்கேயே சில நாள் தங்கித் தொழில் செய்யத் தலைப்பட்டுள்ளது. இம்மூன்று நிலைகளையும் வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்குமிடத்து இரண்டு வினாக்களை நாம் மறத்தலாகாது. உட்சென்ற பொருளை வெளியே தள்ளுவதையே இயல்பாகக் கொண்ட உறுப்பில் ஒரு கருவி எவ்வாறு தங்கும் என்பது ஒன்று. அக்கருவி யார் வயிற்றுட் சென்றது, அவர் உடன்பாடு யாது என்பது மற்றொன்று.

பழைய ஐயம்

உணவு வயிற்றிலே எவ்வாறு மாறுகின்றது? நம் ஆயுள்வேத நூலார் சடராக்கினி என்னும் உள்நெருப்பு அதனைப் பக்குவஞ் செய்வதாகக் கொண்டனர். கிரேக்க மருத்துவரும் உணவு உடற்சூட்டால் வேகின்றது என்றே கருதினர். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இவ்வுவமையால் நிறைவு பெறாராயினர். உடலைப் பொறியாகக் கண்ட இத்தாலியராகிய பொரெல்லி, வான்கோழிகள் விழுங்கிய கண்ணாடிக் குண்டுகள் நொறுங்கிக் கிடந்ததைக் கண்டு, இரைப்பை ஓர் ஆட்டுக்கல் போன்றது, உணவை அரைப்பதே அதன் தொழில் என்றார். இரசாயன நோக்குடையார் சிலரோ, அங்கே ஒரு சாறு உணவைக் கரைக்கின்றது என்றனர். அரைத்தலா, கரைத்தலா என்னும் இவ்வழக்கு நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

அக்காலத்திலே உலோகப் பொருளை விழுங்குதல் மருத்துவத்துக்குப் புதியதன்று. அந்திமனி என்னும் உலோகத்தாற் செய்த சிறு உருண்டையொன்று பேதிக் குளிகையாக வழங்கிற்று. அதனை விழுங்கியவருக்கு வயிறு கழியும். உருண்டையும் உடன் வெளியேறும். அதனைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவர். என்றும் அழியாக் குளிகை எனப் பெயர் பெற்ற இது குடும்பச் சொத்தாய்த் தலைமுறை தோறும் கைமாறியதும் உண்டு. ஆயினும் அது சென்று வந்த வழியின் செய்தி எதனையும் கொணரவில்லை. வினாவோடு அனுப்பப்படாத தூது விடையோடு மீளுதல் எங்ஙனம்?

சென்று மீண்ட தூது

வினாவோடு தூது அனுப்பியவர் பிரான்சு நாட்டு இறெயோமூர். வெப்பமானி அளவொன்றுக்குத் தம் பெயரை ஈந்தவரென நம் மாணவர் அவரை அறிவர். அவர் ஒரு பருந்தை வளர்த்தார். இறகு, எலும்பு முதலிய சமிக்காத பொருள்களை வாய்வழியே உமிழ்ந்துவிடுதல் அப்பறவையின் இயல்பு. இரு புறமும் திறந்த சிறு உலோகக் குழாயினுள் இறைச்சியை வைத்து, வாய்களைக் கம்பியால் வலைபோலக் கட்டி, அதனை அப்பறவைக்கு ஊட்டினார். குழாய் மீண்டபோது சிறிதும் நசுங்காதிருந்தது. உள்ளிருந்த இறைச்சியோ குறைந்து இளகியிருந்தது. அரைக்கும் விசை உட்புக இயலாத இடத்திலும் உணவு கரைந்தமையால், அப்பறவையின் வயிற்றில் நிகழ்வது கரைத்தலே என்பது பெறப்பட்டது. அடுத்துக் குழாயிற் கடற்பஞ்சை வைத்துச் சாற்றையே வெளிக்கொணர்ந்தார். இவ்வாராய்ச்சி 1752 ஆம் ஆண்டுக்குரியது. ஒரு சிறு குழாய் நூறாண்டு வழக்கிற்குச் சான்று கூறியமை கருதத்தக்கது.

பறவைக்கு உண்மையாவது மனிதனுக்கும் உண்மையாமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற எட்வேட் ஸ்டீவன்ஸ். 1777 இல் அவர் சமர்ப்பித்த இலத்தீன் ஆய்வேடு மனித வயிற்றிற் செய்த சோதனைகளைக் கூறுகின்றது. அந்நகரிலே ஏழை ஒருவன் பொதுமக்கள் முன் கற்களை விழுங்கிக் காட்டி வயிறு வளர்த்து வந்தான். ஸ்டீவன்ஸ் இரு அறைகளும் பல துளைகளும் உடைய வெள்ளிக் கோளங்களைச் செய்வித்து, உள்ளே இறைச்சியையும் மீனையும் நிறுத்து வைத்து அவனை விழுங்கச் செய்தார். கோளம் வெளிப்பட்டபின் மிஞ்சியதை நிறுத்துக் குறைந்த அளவைக் கண்டார். அந்த மனிதன் சிலநாளில் நகரைவிட்டு நீங்கினான். ஆராய்ச்சியும் நாய்களுக்கு மாறிற்று. நிறுத்த இறைச்சியின் அளவு ஏட்டில் நின்றது. விழுங்கியவன் பெயர் நிற்கவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியின் பவியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்பலன்சானி வேறொரு வழியை மேற்கொண்டார். பல்வகை விலங்குகளிற் சோதித்தபின், மனித வயிற்றை அறியத் தம் வயிற்றையே தந்தார். மென்ற அப்பத்தைச் சிறு துணிப்பையில் இட்டுத் தைத்து விழுங்கினார். விழுங்குமுன் அவர் அஞ்சாமலில்லை. உட்சென்ற பொருள் தடைப்பட்டுத் தங்கினால் உயிருக்கே இறுதி நேரலாம் என்பதை அவர் அறிவார். பை தீங்கின்றி வெளிவந்தது, அப்பம் மறைந்திருந்தது, தையலோ குலையவில்லை. பின்னர் துளையிட்ட மரக்குழாய்களையும் விழுங்கினார். 1780 இல் வெளிவந்த அவர் நூல், மனித இரைப்பையும் கரைத்தலாலேயே சமிபாடு செய்கின்றது என்பதை நிறுவிற்று. எனினும் அச்சாறு அமிலமன்று என்று அவர் பிழைபடக் கருதினார். 1824 இல் இங்கிலாந்தின் வில்லியம் புறவுற்று அதில் ஐதரோக்குளோரிக்கமிலம் உண்டென்று காட்டினார். 1836 இல் யேர்மனியரான சுவான் பெப்சின் என்னும் நொதியத்தைக் கண்டார். மெய் ஒரே நாளில் ஒருவராற் காணப்படுவதன்று என்பதற்கு இது தக்க சான்று.

திறந்த வாயில்

இவ்விடத்திலே, விழுங்காமலே வயிற்றுட் சென்ற தூது ஒன்றையும் கூறல் வேண்டும். 1822 யூன் 6 ஆம் நாள், அமெரிக்காவின் மக்கினாக்குத் தீவில், அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் கனடிய இளைஞனின் விலாவில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. படைமருத்துவரான வில்லியம் போமொன்ற் அவனைப் பிழைக்கச் செய்தார். ஆயின் புண் முற்றும் மூடாது இரைப்பைக்கு ஒரு வாயிலாய் நின்றுவிட்டது. 1825 முதல் போமொன்ற் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலிற் கட்டி அவ்வாயிலால் இறக்கி, வேண்டும்போது இழுத்துப் பார்த்தார். 1833 இல் அவர் வெளியிட்ட நூல் உடற்றொழிலியலில் ஒரு மைல்கல்.

அந்நூலின் புகழை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சென் மாட்டின் எழுத்தறியாத கூலியாள். மருத்துவர் வீட்டிலே வேலைக்காரனாயிருந்தவன். ஒப்பந்தம் எழுதி, ஆண்டுக்கு 150 டொலர் ஊதியம் பேசி, அவன் வயிறு ஆராய்ச்சிக்கு உரியதாக்கப்பட்டது. 1834 இல் ஊருக்குச் சென்றவன், போமொன்ற் பலமுறை அழைத்தும் மீளவில்லை. மருத்துவருக்குப் பின்னும் வாழ்ந்து 1880 இல் அவன் இறந்தபோது, உடலை மருத்துவர் எடுத்துச் செல்லாவண்ணம் குடும்பத்தார் அதனை அழுகவிட்டு, எட்டடி ஆழத்திற் புதைத்தனர். அறுபதாண்டளவு திறந்திருந்த வாயிலை அவர்கள் மண்ணால் மூடினர். அதன் பொருளை மருத்துவ உலகம் உணர நெடுங்காலம் சென்றது.

உள்ளிருந்து பேசிய தூது

சென்று மீளும் தூது, நடந்து முடிந்ததையே கூறும், நடந்துகொண்டிருப்பதைக் கூறாது. அதற்கு உள்ளிருந்தே பேசும் கருவி வேண்டும். 1947 இற் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிற்றர் அதற்கு வழிகோலிற்று. பத்தாண்டு கழித்து, 1957 இல், சுவீடனில் மக்கே, யாக்கொப்சன் என்போரும், அமெரிக்காவில் தொலைக்காட்சி முன்னோடியாகிய சுவோரிக்கினும் அவர் துணைவரும், விழுங்கத்தக்க வானொலிக் குளிகைகளைத் தனித்தனியே வெளிப்படுத்தினர். அவை ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமுடையவை. அமைப்பும் எளியதே. குளிகையின் ஒரு முனையில் மெல்லிய தோல் உண்டு. குடல் அதனை அழுத்துங்கால் உள்ளே காந்தத் தன்மையுள்ள சிறு அகணி அசையும். அதனால் வானொலி அலையின் அதிர்வெண் மாறும். வெளியே வைத்த வாங்கி அம்மாற்றத்தைப் பதிவு செய்யும். அமிலத்தை அளக்கும் குளிகையொன்று யேர்மனியின் ஐடில்பேக்கு நகரில் உருவாயிற்று. உடல் வெப்பத்தை அளக்கும் குளிகையொன்றைப் பிற்காலத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் துணையோடு அறிஞர் செய்தனர். 1998 இல், தமது 77 ஆம் வயதில் மீண்டும் விண்வெளி சென்ற யோன் கிளென் அத்தகைய குளிகையை விழுங்கினார்.

பேச வல்ல கருவிக்குக் கண்ணும் தந்தவர் இசுரேல் நாட்டுப் பொறியியலாளர் கவ்ரியேல் இத்தான். ஏவுகணையின் முகப்பிலுள்ள ஒளிக்கருவிகளிற் பயின்றவர் அவர். சிறுகுடலின் நடுப்பகுதியை எக்குழாயாலும் எளிதிற் பார்க்க முடியவில்லை என்று மருத்துவ நண்பரொருவர் குறைகூறக் கேட்டு, ஒளிப்படக் கருவியையே விழுங்கினாலென்ன என எண்ணினார். இலண்டன் மருத்துவர் போல் சுவெயின் அவருடன் சேர்ந்தார். 1999 இல் சுவெயின் அக்குளிகையைத் தாமே விழுங்கினார். 2000 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அச்செய்தி வெளிவந்தது; மறு ஆண்டு அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டை ஏற்றது. 11 மில்லிமீற்றர் அகலமும் 26 மில்லிமீற்றர் நீளமுமுள்ள அது, செக்கனுக்கு இரண்டு படமாக எட்டு மணி நேரத்தில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை அனுப்பிற்று. ஸ்பலன்சானியின் துணிப்பைக்கும் சுவெயினின் குளிகைக்கும் இடையே இருநூற்றிருபது ஆண்டுகள் சென்றன. தன்னுடலை முதலில் தருதல் என்னும் மரபு மாறவில்லை.

ஆயினும் ஸ்பலன்சானியின் அச்சமும் பொய்யாகவில்லை. குடல் நோயால் ஒடுங்கிய இடத்திலே இக்குளிகை தடைப்பட்டு நின்றுவிடுதல் உண்டு. நூற்றுக்கு ஒருவர் இருவரிடத்தே இது நேர்கின்றது. இரு கிழமைக்கு மேல் நின்றால் அதனைத் தங்கியதாகக் கொள்வர். சிலருக்குச் சத்திர சிகிச்சையும் வேண்டியதாகின்றது. ஆகவே ஐயமுள்ளவருக்கு முன்னதாக, அதே அளவினதாய், இலற்றோசு என்னும் பாற்சீனியாலான வேறொரு குளிகையைக் கொடுப்பர். அது தடைப்பட்டால் தானே கரைந்துவிடும். தூதுக்கு முன் ஒரு தூது அனுப்பி வழி பார்ப்பது போன்றது இது.

தங்கிய தூது

தங்குதல் தீங்காகாது நன்மையாதலை மனிதர் முதலிற் கண்டது கால்நடைகளிடத்தே. தென் அவுத்திரேலியாவின் கரையோரப் புல்வெளிகளிலே, நிறைந்த புல்லின் நடுவே ஆடுகள் மெலிந்து மடிந்தன. மண்ணிலே கோபாற்று என்னும் உலோகம் மிகக் குறைந்திருந்தமையே காரணம் என்பது 1935 இல் அறியப்பட்டது. 1948 இற் பிரித்தெடுக்கப்பட்ட பீ12 என்னும் உயிர்ச்சத்திலே கோபாற்று உண்டெனக் கண்டபோது அதன் காரணமும் விளங்கிற்று. இரைமீட்கும் விலங்கின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே அவ்வுயிர்ச்சத்தை ஆக்குவன. அதற்குக் கோபாற்று இடையறாது கிடைத்தல் வேண்டும். பரந்த நிலத்தில் மேயும் மந்தைக்கு நாள்தோறும் யார் மருந்தூட்டுவார்?

1958 இல் அவுத்திரேலிய அறிஞரான தியூவி, லீ, மாசுற்றன் என்போர், கோபாற்று ஒட்சைட்டைக் களிமண்ணோடு கலந்து சுட்ட கனத்த குண்டு ஒன்றை ஆட்டை விழுங்கச் செய்தனர். கனத்தினால் அது அசையூணுடன் மேலெழவுமில்லை, கீழே நழுவவுமில்லை, வயிற்றின் அடியிற் கிடந்து மாதக்கணக்காகச் சிறிது சிறிதாகக் கரைந்தது. சிலவிடத்துக் குண்டின்மேற் சுண்ணாம்புப் படலம் படிந்து கரைதலைத் தடுத்தது. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், உடன் ஓர் உருக்குத் துண்டையும் விழுங்கச் செய்தலே. இரண்டும் ஒன்றோடொன்று உராய, படலம் நீங்கிற்று. மாடுகளும் இவ்வாறே ஒரு காந்தத்தை வாழ்நாள் முழுவதும் வயிற்றிற் சுமப்பதுண்டு. புல்லோடு விழுங்கிய ஆணியும் கம்பியும் வயிற்றைத் துளைத்து நெஞ்சை அடையாதபடி அக்காந்தம் பற்றிக்கொள்ளும்.

மனித வயிறு இவ்வாறு இடந்தருவதன்று. உணவற்ற வேளையில் ஏறக்குறைய ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை எழும் வலிய சுருக்கமொன்று, எஞ்சியதை எல்லாம் கூட்டித் துடைத்துக் குடலுக்குத் தள்ளிவிடும். ஆதலால் மனித வயிற்றில் தங்க வேண்டிய கருவி மூன்று நிலைகளை உடையதாதல் வேண்டும். தொண்டையைக் கடக்கும்போது ஒடுங்கியிருத்தல் வேண்டும்; இரைப்பையுட் புகுந்ததும் விரிதல் வேண்டும்; காலம் முடிந்தபின் மீண்டும் சிறுத்து வெளியேறல் வேண்டும். மாசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த இலாங்கர், திரவேர்சோ ஆகியோரும் துணைவரும் 2016 இல் இதற்கு ஒரு வழி கண்டனர். ஆறு கைகளையுடைய உடுவடிவப் பொருளொன்றை மடித்துக் குளிகைக் கூட்டினுள் வைத்தனர். கூடு வயிற்றிற் கரைய, உடு விரியும். இரைப்பையின் கீழ்வாயில் அதனை விடாது. கைகளிலே கலந்த மருந்து நாள்தோறும் கசியும். குறித்த காலத்தில் இணைப்புக்கள் நெகிழக் கைகள் பிரிந்து வெளியேறும். பன்றிகளிற் செய்த சோதனையிலே இது இரு கிழமைவரை மருந்தளித்தது. அதில் வைத்த ஐவமெக்றின் என்னும் மருந்து, உட்கொண்டவரின் குருதியைக் குடிக்கும் மலேரியா நுளம்பைக் கொல்லவல்லது. மனநோய் மருந்தொன்றை வாரத்துக்கொருமுறை மட்டும் விழுங்கும் முறையும் இவ்வமைப்பைப் பின்பற்றி நோயாளரிடத்தே சோதிக்கப்பட்டுள்ளது.

இக்கருவிகள் நெடுநாள் தொழிற்பட மின்சத்தி வேண்டும். 2017 இல் இதே குழுவினர் நாகத்தையும் செம்பையும் பன்றியின் வயிற்றில் வைத்து, அங்குள்ள அமிலத்தையே மின்பகுபொருளாகக் கொண்டு சிறு மின்னோட்டம் பெற்றனர். இது 1800 இல் வோற்றா வெளியிட்ட மின்னடுக்கின் தத்துவமே. வோற்றாவும் ஸ்பலன்சானியும் பவியாப் பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்திற் கற்பித்தவர். ஒருவர் துணிப்பை விழுங்கி வயிற்றுச் சாற்றை ஆராய்ந்தார். மற்றவர் உலோகத் தட்டுக்களை அடுக்கி மின்னை ஆக்கினார். அவ்விருவர் ஆராய்ச்சியும் இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு வயிற்றினுள்ளே சந்தித்தமை வரலாற்றின் இனிய வியப்புக்களுள் ஒன்று.

யாருக்கு உரிய தூது?

எஞ்சி நிற்பது நாம் தொடக்கத்திற் கூறிய இரண்டாம் வினா. 2017 இல் அமெரிக்க அரசு, மணல் அளவான உணரியொன்று பொதிந்த மனநோய்க் குளிகையை முதன்முதலாக ஏற்றது. செம்பும் மக்னீசியமும் கொண்ட அவ்வுணரி, வயிற்றுச் சாறு பட்டதும் மெல்லிய சைகையை எழுப்பும். தோலில் ஒட்டிய பட்டி அதனைப் பெற்றுக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும். நோயாளி உடன்பட்டால் மருத்துவரும் உறவினரும் அவர் மருந்துண்டதை அறியலாம். மறதியுடையார்க்கு இது பேருதவி. ஆனால் தன்னை எவரோ கண்காணிக்கின்றார் என்னும் ஐயமே நோயாக உடையவருக்கு இக்குளிகை எவ்வாறு தோன்றும்? முன்னைய தூதுகள் வயிற்றைப் பற்றிச் செய்தி கூறின; இதுவோ வயிற்றுக்குரியவரைப் பற்றியே செய்தி கூறுகின்றது. மருந்தை மறைவாகத் துப்பிவிடும் உரிமை நன்றோ தீதோ, அது நோயாளியிடம் இதுவரை இருந்தது. உடன்பாடு உண்மையாய் இல்லாவிடத்து அதுவும் அவரை விட்டு நீங்கும்.

தங்கும் கருவியின் நிலை இன்னும் நுணுகியது. நாள்தோறும் விழுங்கும் குளிகையை நாளை வேண்டாவென்று ஒருவர் மறுக்கலாம். ஒரு கிழமை தங்கும் கருவியை விழுங்கியவரோ மறுநாள் மனம் மாறினும் எளிதில் வெளியேற்ற முடியாது. ஆகவே அவருடைய ஒரு நாளைய உடன்பாடு ஏழு நாளைக்கும் பொறுப்பேற்கின்றது. அறிவியலார் கருவியின் இணைப்புக்களை எத்துணைக் கவனத்தோடு அமைக்கின்றனரோ, அத்துணைக் கவனத்தோடு இவ்வுடன்பாடும் அமைதல் வேண்டும்.

இவ்வரலாற்றிலே தாமறிந்து விழுங்கியோர் உளர். வறுமையால் விழுங்கியோரும் உளர். ஸ்பலன்சானியும் சுவெயினும் தம் அச்சத்தைத் தாமே ஏற்றனர். அவர் பெயர் நூல்களில் உண்டு. எடின்பரோத் தெருவிற் கல் விழுங்கிய ஏழைக்கு ஏட்டிலே பெயரில்லை. இனி வரும் கருவிகள் செல்வர்க்கும் வறியோர்க்கும் ஒருங்கே பயன்பட வேண்டுமெனின், விழுங்கும் ஒவ்வொருவரும் இது எத்துணை நாள் தங்கும், எவ்வாறு நீங்கும், யாருக்குச் செய்தி சொல்லும் என மூன்று வினா வினவி, விளங்கும் மொழியில் விடை பெறுதல் வேண்டும். மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் கருவியின் நுட்பத்தோடு இவ்வினாக்களையும் கற்பாராக. அனுப்பியவருக்கு மட்டுமன்றி, வழிவிட்ட உடலுக்கும் கடமைப்பட்டதே நல்ல தூது.